வெளிச்சத்தைப் பார்த்தால் போதும் என்றவர்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர், நம் புகைப்படக் கலைஞர்கள் சங்கத்தின் தலைவர் பாக்கர் அண்ணன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பொறுப்பாளர்களே, பரமக்குடியிலிருந்தும் தொண்டியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தொழில் தோழர்களே, முன்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் மதினி கலைச்செல்வி அவர்களே! உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் அமைதி இறங்கட்டும்.

நான் கீழக்கரை சூஃபியா. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுக்கிறவள். சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். காளி அண்ணனைப் பற்றிச் சுருக்கமாகப் பேசவேண்டுமென்றால் வேறு ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

எனக்குப் பின்னால் ஒரு படம் துணி போட்டு மூடியிருக்கிறது. வழக்கமாகப் படத்திறப்பு என்றால் பெரிய மனிதர் ஒருவர் வருவார், துணியை விலக்குவார், மாலை போடுவார், போவார். இன்றைக்கு அப்படி இல்லை. அந்தத் துணியை அண்ணனின் மனைவி, என் மதினிதான் எடுக்கப்போகிறார். அந்தப் படம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கும் அந்தக் குழந்தைக்கும் மட்டும்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

காளி அண்ணன் இறந்துபோன மறுநாள் நாம் என்ன செய்தோம்? கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடித்தோம். அவர் தெருமுனையில் ஆளுயரத்துக்குக் கட்டினோம். படம் எங்கிருந்து வந்தது? யாருடைய போனிலோ அழகுபடுத்தும் ஃபில்டர் போட்டு எடுத்தது. அது வாட்ஸ்அப்பில் வந்து, இன்னொருவர் கைக்குப் போய், அவர் வழக்கம்போல முகத்தை இரண்டு படி வெளுத்து, பிரஸ்ஸுக்கு அனுப்பி, அங்கே மிஷின் தன் பங்குக்கு ரோஸ் நிறத்தை அள்ளிப் பூசியது. நம் காளீஸ்வரன், கருத்த மனிதர், நல்ல கருப்பு, சினிமா நடிகர் மாதிரி சிவந்து போய் நின்றார்.

நாம் அத்தனை பேரும் அதன் கீழேதான் நின்றோம். படம் எடுப்பதே பிழைப்பாக உள்ளவர்கள். ஒருவருக்காவது கண்ணில் பட்டதா? படவில்லை. இறந்தவர் பிளெக்ஸில் வெள்ளையாக இருப்பதுதான் முறை என்று நம் கண் பழகிவிட்டது. வாழ்நாள் முழுக்க எந்தப் பழக்கத்தோடு அண்ணன் மல்லுக்கு நின்றாரோ, அதையே அவருக்கும் செய்து அனுப்பிவைத்தோம்.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? அதோ, மடியில் இருக்கிறாளே நாகஜோதி, அவள். பிளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்: "இந்த மாமா யாரும்மா? இவுகளும் செத்துப் போயிட்டாகளா?"

பக்கத்தில் நின்ற நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். பாக்கர் அண்ணன் அந்த நிமிடமே கயிற்றை அறுத்து பிளெக்ஸைக் கீழே இறக்கச் சொன்னார். மதினி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சில நாள் கழித்து என்னை வீட்டுக்கு வரச் சொல்லி, ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவுக படம் ஒண்ணு வேணும் சூஃபியா. அவுக நெறத்துல. எம்புள்ள அதப் பாத்துத்தான் வளரணும்."

இவ்வளவுதான் கேட்டார். இந்த மாவட்டத்துக் கேமராக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு மனிதனின் ஒரு படத்தைக் கேட்டார். இருந்ததா நம்மிடம்?

எல்லோரும் தேடினோம். சங்கக் கூட்டப் படங்களில் அண்ணன் எப்போதும் கடைசி வரிசையில், பாதி முகம். அவர் அறையில் எடுத்த படங்களில் கம்ப்யூட்டர் வெளிச்சம் பட்டு நீலமாக இருந்தார். காரங்காட்டுக்குச் சங்கத்தோடு படகுப் பயணம் போனோமே, அந்தப் படத்தில் அலையாத்திக் காட்டு இலைகளின் நிழல் விழுந்து நாம் எல்லோருமே பச்சை. ஆதார் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்யாண ஆல்பத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மதினி சிரித்துவிட்டார். "அதுல அவுகளும் இல்ல, நானும் இல்ல. ரெண்டு வெள்ளக்காரவுக மாலை மாத்திக்கிட்டு நிப்பாக" என்றார். அந்த ஆல்பத்தை முதன்முதலில் புரட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் தனக்கு இந்த நிறப் பைத்தியம் பிடித்தது என்று அண்ணனே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே, அந்தப் பைத்தியம் நமக்கு எவ்வளவு செய்திருக்கிறது!

ராமநாதபுரத்தில் படங்களின் நிறம் திருத்துவதற்கென்றே அந்தச் சின்ன மாடி அறையை அவர் திறப்பதற்கு முன் நாம் எப்படி வேலை பார்த்தோம்? கேமரா தானே சமைத்துக் கொடுக்கும் ஜேபெக் படத்தை எடுத்து, முகத்தை வெளுத்து, சேலையைப் பளபளவென்று ஏற்றி, ஆல்பம் போட்டோம். அவரிடம் கலர் பார்க்கக் கொண்டுபோனால் ரா ஃபைல் எங்கே என்பார். வெளிச்சம் விழுந்தது விழுந்தபடி இருக்கிற ஃபைல். அது இடத்தை அடைக்கிறது, கார்டு நிறைந்துவிடுகிறது என்று நாம் சலித்துக்கொள்வோம். அப்போது அவர் சொன்னதை இந்த மண்டபத்தில் கேட்காதவர் இருக்க முடியாது.

"ஜேபெக்ங்கிறது கருவாடு. ருசிக்கு ஒண்ணும் குறைச்ச இல்ல. ஆனா கருவாட்ட மறுபடி மீனாக்க முடியாதுப்பா. எனக்கு மீனாக் கொண்டாங்க."

பாம்பன் பாலத்தில் ஜோடிகளை நிறுத்தி எடுத்த படங்கள் பாதி முகம் நீலமாக வரும். தனுஷ்கோடி மணலில் மதியம் எடுத்தவை வெளிறிப்போய் வரும். ரோஸ் துணிப் பந்தலுக்குக் கீழே எடுத்தால் ஐயரும் ரோஸ், அரிசியும் ரோஸ். அத்தனையும் அந்த மாடி அறைக்குப் போனால் மனித நிறத்தோடு இறங்கி வரும். முகத்தை வெளுக்கச் சொல்லி யாராவது கேட்டால் மட்டும் ஒரே பதில்தான். "வெளிச்சத்தக் கூட்டச் சொல்லுங்க, கூட்டுறேன். ஆள மாத்தச் சொல்லாதீக."

மேடையில் நம் பொருளாளர் அய்யப்பன் இருக்கிறார். அவர் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பரமக்குடியில் புது ஸ்டூடியோ கட்டியபோது வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு எடிட்டிங் அறைக்குக் கிளிப்பச்சை நிறம் அடித்தார். அந்த ஆவணி முழுக்க அவர் ஆல்பத்தில் எந்த மணப்பெண்ணைப் பார்த்தாலும் லேசாகப் பச்சை. மானிட்டரை மாற்றினார். பிரிண்ட் போடுகிற லேபோடு சண்டை போட்டார். கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் வந்து கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சிரித்தார்.

பச்சைக்கு நடுவில் உட்கார்ந்தால் திரையில் இருப்பது கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியுமாம். அந்தச் சிவப்பைக் குறைக்கக் கை தானாகவே பச்சையைக் கூட்டுமாம். கண் மேல் தப்பில்லை, லேப் மேல் தப்பில்லை, சுவர் மேல்தான் தப்பு என்றார். அன்றைக்கே சாம்பல் நிற பெயிண்ட் வந்தது. வாஸ்துக்காரர் கோபித்துக்கொண்டார். வியாபாரம் கோபித்துக்கொள்ளவில்லை. சரிதானே பொருளாளர் அவர்களே? தலையை ஆட்டுகிறார், சரிதான்.

சுவர் மட்டுமா சாம்பல்? சட்டையும் சாம்பல். பளிச்சென்ற சட்டை போட்டால் அதன் நிறம் திரையில் பட்டுத் தெறிக்கும் என்று, ஒரே துணியை மொத்தமாக எடுத்துச் சட்டை தைத்துக்கொண்டார். வேலைக்கும் அதுதான், தீபாவளிக்கும் அதுதான். கொடியில் காயப்போட்டால் ஏதோ கம்பெனி யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறது என்று மதினி அலுத்துக்கொள்வார். நாம் கேலி செய்யாத நாள் உண்டா? அவரும் சேர்ந்து சிரிப்பாரே தவிர, சட்டையை மாற்றவில்லை. அந்தச் சட்டைக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் பெண்கள் கூடியிருக்கும் பக்கம் ஆண்கள் வரமாட்டார்கள். அங்கே எடுத்த படத்தையும் வெளி ஆண்கள் பார்க்கக்கூடாது. என்னை நம்பித்தான் கேமராவை உள்ளே விட்டார்கள். எடுத்தேன். ஆனால் நிறம்? அலங்காரப் பந்தலின் எல்.இ.டி. விளக்கு ஒரு பக்கம், மஞ்சள் பல்பு ஒரு பக்கம், ஜன்னல் வெயில் ஒரு பக்கம். எனக்கு அப்போது கலர் பார்க்கத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். யாரிடம் ஃபைலைக் கொடுப்பேன்? ஒரு மணப்பெண்ணின் தாயார் இரண்டு ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னார்: "மாப்பிள்ள பக்கம் தங்கமா இருக்கு. எம்பொண்ணு பக்கம் மஞ்சக்காமாலையா இருக்கு."

தொழிலை விட்டுவிடலாம் என்று இருந்தேன். பொய் சொல்லவில்லை, கேமராவுக்கு விலை கூடப் பேசிவிட்டேன். போகிற போக்கில் அண்ணன் அறைக்குப் போனேன். அண்ணே, படத்தைப் பார்க்காமல் கலர் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை உங்களில் யாரிடமாவது கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கோலம் போடச் சொல்வது மாதிரிதானே! அவர் சிரிக்கவில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"பொண்ணு எங்க உக்காரும்?"

மேடையில், நாற்காலியில் என்றேன்.

"யாரும் வர்றதுக்கு முன்னாடி அந்த எடத்துல நான் நின்னுக்கிறலாமா? பொண்ண நான் பாக்க வேணாம் தாயி. வெளிச்சத்தப் பாத்தாப் போதும்."

அப்படித்தான் தொடங்கியது. அதற்குப்பின் எங்கள் ஊரில் எந்தக் கல்யாணமானாலும், பெண்கள் வருவதற்கு முன்பு, பூக்காரர்கள் மட்டும் இருக்கிற நேரத்தில், ராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஒருவர் வருவார். சாம்பல் சட்டை போட்டிருப்பார். மணப்பெண் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு படம், விளக்கைப் போட்டு ஒரு படம் எடுப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த இரண்டு படத்தை மட்டும் அவருக்கு அனுப்புவேன். அவர் தன் அறையில் உட்கார்ந்து, சட்டை சாம்பலாக வரும்வரை, தன் முகம் தன் முகமாக வரும்வரை, நிறத்தின் சூட்டையும் சாயலையும் வெளிச்சத்தையும் திருத்துவார். அந்த அளவுகளை மட்டும் எனக்கு அனுப்புவார். நான் என் வீட்டில் உட்கார்ந்து அதை மணப்பெண் படங்களுக்குப் போடுவேன். அவர் தன்னைத் திருத்துவார். எங்கள் பெண்கள் சரியாகிவிடுவார்கள்.

நிறம் சரிபார்க்கக் கடையில் சாம்பல் அட்டை விற்கிறதே, நீங்கள் ஏன் அலைகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அட்ட வெளிச்சத்தச் சொல்லும். தோலு எப்புடி விழுகுதுன்னு அட்ட சொல்லாது. எம்மூஞ்சி எனக்குத் தெரியும்ல" என்றார். எங்கள் ஊரில் எத்தனை மணப்பெண்கள், அந்தக் கருத்த முகத்தை அளவாக வைத்துத் தங்கள் சொந்த நிறத்தோடு ஆல்பத்தில் இருக்கிறார்கள்! அவர்களில் ஒருவரைக்கூட அண்ணன் பார்த்ததில்லை.

பார்க்கிற சந்தர்ப்பம் ஒருமுறை வந்தது. அதையும் சொல்லவேண்டும். ஒரு கல்யாணம் முடிந்து வந்து பார்த்தால் கேமரா கார்டு திறக்க மறுத்துவிட்டது. மொத்தக் கல்யாணமும் அதற்குள். பெண் அடுத்த வாரம் கணவரோடு வளைகுடாவுக்குப் போகிறாள், தாயாருக்கு இனி அந்தப் படங்கள்தான் துணை. கார்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அறைக்கு ஓடினேன். அழிந்த ஃபைல்களை மீட்கிற மென்பொருள் அவரிடம் இருந்தது. ஆனால் மீட்கும்போது ஒவ்வொரு படமும் திரையில் வந்து போகும்.

அண்ணன் எழுந்து திரையை என் பக்கம் திருப்பினார். தன் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அங்கிருந்தபடியே சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். என்ன தெரிகிறது என்று கேட்பார், சொல்வேன். பச்சைக் கோடு ஓடுகிறதா என்பார், ஓடுகிறது என்பேன். ஓடட்டும், நீ டீயைக் குடி என்பார். மதியம் லுஹர் பாங்கு கேட்டது. சாயங்காலம் அசர் பாங்கும் கேட்டது. அவர் திரும்பவில்லை. அந்த அறையில் நாங்கள் இருவர்தான். திரும்பியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? தன் அறை, தன் கம்ப்யூட்டர், அதுவும் வாழ்நாளெல்லாம் படம் பார்த்தே வாழ்ந்த கண். மறுநாள் கழுத்து வலியென்று தைலம் தேய்த்துக்கொண்டாராம், அதுவும் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசிப் படமும் வந்தது. நான் அழுதுவிட்டேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "மொகமெல்லாம் வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"நெறம்?"

"உங்க அளவப் போட்டாப் போதும்ணே. சரியாயிரும்."

"அப்பச் சரி" என்றார்.

நான் நடந்ததை அந்தத் தாயாரிடம் சொன்னேன். அவர் நேராக அடுப்படிக்குப் போனார். ஒரு பெரிய டப்பா நிறைய எங்கள் ஊர் இனிப்பான தொதல் கிண்டிக் கொடுத்துவிட்டார். அதற்குப்பின் அண்ணன் மண்டபத்துக்கு வரும் நாளெல்லாம் எங்கள் ஊர்ப் பெண்கள் யாராவது முன்னமே வந்து அவருக்கென்று பசியாற ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவார்கள். அவரும் அவர்களைப் பார்த்ததில்லை, அவர்களும் அவரைப் பார்த்ததில்லை. இதைவிடப் பெரிய மரியாதை ஒரு மனிதனுக்கு வேறென்ன இருக்க முடியும்?

அன்பார்ந்த சபையோரே, இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

மதினி கேட்டபோது என்னிடமும் இல்லை என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையாகவே இல்லை என்றுதான் நினைத்தேன். போன வாரம் ஒரு பழைய கல்யாணத்துக்கு இன்னொரு ஆல்பம் கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுத் திறந்தேன். முதல் படம். பூப்பந்தல், காலி நாற்காலி, பக்கத்தில் அண்ணன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் படம் அவர்தானே! எத்தனை தடவை அதைத் திறந்திருக்கிறேன். ஆனால் அதை நான் ஒரு ஆளின் படமாகப் பார்த்ததே இல்லை, அளவாகத்தான் பார்த்திருக்கிறேன். டிஸ்க் டிஸ்க்காக எடுத்துத் திறந்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறார். ஒன்றில் கொட்டாவி விடுகிறார். ஒன்றில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார். ஒன்றில் பூக்காரர் ஏதோ சொல்லியிருக்கிறார் போல, வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எல்லோரும் போன் போட்டீர்கள். கலரை நான் பார்க்கிறேன், நான் பார்க்கிறேன் என்றீர்கள். உங்கள் அன்பு புரிந்தது. ஆனால் இந்தப் படத்தின் நிறத்தில் நான் கை வைக்கவில்லை. நம்மில் யாரும் கை வைக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு அவர் அனுப்பிய அளவுகள் என்னிடம் அப்படியே இருந்தன. ரா ஃபைல் அப்படியே இருந்தது. இரண்டையும் சேர்த்தேன், அவ்வளவுதான். ஏதோ ஒரு மணப்பெண்ணுக்காக அவர் தன்னைத் திருத்திய படம் இது. மதுரையில் பிரிண்ட் போடும்போது, மிஷின் தானாக எதையும் திருத்தக்கூடாது என்று பக்கத்திலேயே நின்று சண்டை போட்டு வாங்கி வந்தேன்.

நெஞ்சுவலி என்று சொல்லி ஆட்டோவில் ஏறிய மனிதர் திரும்பி வரவில்லை. அந்த மாடி அறை பூட்டிக்கிடக்கிறது. அதைத் திறப்போம் என்று சங்கம் முடிவெடுத்திருக்கிறது. நான் எனக்கான வாக்கை இங்கே சொல்கிறேன். என் கல்யாணங்களில் முதல் படம் இனியும் எடுக்கப்படும். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் சாம்பல் உடுப்பில் நான் நிற்பேன், என்னோடு வேலை பார்க்கும் பெண் எடுப்பாள். அண்ணன் அளவுக்கு என் கண் தேறுமா தெரியாது. தேறும்வரை விடமாட்டேன். நீங்களும் ஒன்று செய்யவேண்டும். அடுத்த முறை மவுஸை முகத்தின் மேல் வைத்து வெளுக்கப் போகும்போது, அந்தத் தெருமுனையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை கேட்ட கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். இனி நம் மாவட்டத்தில் எந்தப் பிள்ளையும் தன் தகப்பன் படத்தைப் பார்த்து அப்படிக் கேட்கக்கூடாது.

மதினி, வாங்க. ஜோதியக் கூட்டிட்டு வாங்க. மெதுவா. அந்த ஒயரைத் தாண்டி வாங்க.

துணிய எடுங்க மதினி.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. மைக்கில் நான் சொல்கிறேன். ஜோதி அம்மாவிடம் கேட்கிறாள்: "அய்யா ஏம்மா கல்யாணப் பொண்ணு நாற்காலிகிட்ட நிக்கிறாக?"

தன் தகப்பனை யார் என்று கேட்கவில்லை, நண்பர்களே. ஏன் என்று கேட்கிறாள்.

ஜோதிக்கண்ணு, அதுக்குப் பதில் ரொம்பப் பெருசு. இங்கன இருக்க எல்லாருக்கும் அதுல ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். நீ வளர வளர, ஒவ்வொருத்தரா வந்து உனக்குச் சொல்லுவோம்.